சுவருக்குள்ளா, வெளியிலா: உப்புவெளி வீட்டின் ஏசிக் குழாய்

போன மாதம் ஒரு பின்னேரம் தங்கச்சி திருகோணமலை உப்புவெளியிலிருந்து போன் எடுத்தாள். புது வீட்டுக்குச் சுவர் பூச்சுத் தொடங்கப் போகிறதாம். "ஏசி பைப்புக்குச் சுவரை வெட்டி வைக்கவா, இல்லாட்டி அப்படியே பூசிவிடவா?" என்று மேசன் கேட்டுக்கொண்டு நிற்கிறார், விடியுமுன் பதில் சொல்லவேண்டும் என்றாள். மெஷின் இன்னும் வாங்கவில்லை. எந்தக் கொம்பனி, குளிராக்கும் சக்தி 9000 பிடியூவா 12000 பிடியூவா என்று மச்சான் இரண்டு மாதமாக வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார். குழாயைப் பற்றிய கேள்வி மேசனின் வாயிலிருந்துதான் முதன்முதல் வந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வீட்டுப் படம் கீறிப் பிழைக்கிறவன். அந்தப் பெருமையில் 2014இல் உவர்மலையில் எங்கள் வீட்டைக் கட்டும்போது இரண்டு அறையின் ஏசிக் குழாயையும் சுவருக்குள் ஒளித்தேன். வந்தவர்கள் எல்லாம் "பைப்பே தெரியவில்லை, நல்ல வடிவு" என்றார்கள். இரண்டாம் வருடம் பெரிய அறையில் குளிர் குறைந்தது. மெஷின் வாங்கிய கடையிலிருந்து ஆள் வந்து காஸ் அடித்தார். அடுத்த வருடமும் அடித்தார். அதற்கு அடுத்த வருடமும். ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் அள்ளின கதை.

நாலாம் முறை வேறொரு தம்பி வந்தார். காஸ் சிலிண்டரை எடுக்கவே இல்லை. இரண்டு பக்கமும் மெஷினிலிருந்து குழாயைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் நைதரசன் ஏற்றி, அழுத்தம் காட்டும் மீற்றரைப் பூட்டிவிட்டு "நாளைக்கு வாறன் அண்ணா" என்று போய்விட்டார். விடிய முள் பாதிக்கு இறங்கிக் கிடந்தது. சுவரைத் தட்டிக்கொண்டு போனோம். யன்னலுக்கு மேலே பூச்சு உடைந்ததும் தெரிந்தது: பெட்டியோடு வந்த குழாய் நீளம் போதாமல், இன்னொரு துண்டை நட்டுப் போட்டு இணைத்து, டேப் சுற்றி, அதன்மேல் சீமெந்து பூசியிருக்கிறார்கள். நட்டின் அடியில் பச்சை பிடித்திருந்தது. சவர்க்கார நுரை தடவியதும் மெல்லிய குமிழ் ஒவ்வொன்றாக வந்தது. குழாய் வேர்க்காமல் இருக்க அதைச் சுற்றியிருந்த நுரை உறை நசுங்கிக் கடதாசி போல ஆகியிருந்தது. குளியலறைத் தண்ணீர் ஊறுகிறது என்று நாங்கள் மூன்று வருடம் திட்டிய அந்த ஈரக்கறை, வேர்த்த குழாயின் வேலை. பூசி மெழுகுவது என்று சொல்வதன் முழு அர்த்தமும் அன்றைக்குத்தான் விளங்கியது.

அதனால் தங்கச்சிக்கு அன்றிரவே பதில் சொல்ல முடிந்தது: வெட்டவேண்டாம், பூசச் சொல். ஏன் என்பதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அதோடு, அதற்கடுத்த சில தெரிவுகளையும்.

சுவருக்குள் குழாய் போடுவது பிழை என்று ஒரேயடியாக நான் சொல்லமாட்டேன். சரியாகச் செய்தால் இருபது வருடம் இருக்கும். சரியாகச் செய்வதென்றால் என்ன என்பதுதான் விசயம். முனையிலிருந்து முனைவரை ஒரே துண்டுக் குழாய். நடுவில் இணைப்பே கூடாது. உறை நசுங்காத அளவுக்கு வெட்டு அகலமாகவும் ஆழமாகவும் இருக்கவேண்டும். நாலு அங்குலக் கல்லுச் சுவரில் அப்படி வெட்டினால் சுவரில் மிச்சம் ஒன்றும் இராது. பூசுமுன் நைதரசன் ஏற்றிப் பார்த்திருக்கவேண்டும், பூசி முடியும்வரை அந்த அழுத்தம் உள்ளேயே நிற்கவேண்டும், ஆணி இறங்கினால் முள் காட்டிக்கொடுக்கும். குழாய் போகிற பாதையை அளவு நாடாவோடு படம் எடுத்து வைக்கவேண்டும். இத்தனைக்கும் மெஷினின் அளவு முன்கூட்டியே முடிவாகியிருக்கவேண்டும். 9000, 12000 பிடியூ மெஷினுக்குப் பொதுவாக 1/4 அங்குலமும் 3/8 அங்குலமும். 18000 பிடியூவுக்குப் பெரிய குழாய் அரை அங்குலம் ஆகிவிடும். மச்சான் கடைசி நேரத்தில் மனம் மாறினால் சுவருக்குள் கிடப்பது பிழையான குழாய்.

வெளியால் ஓடும் குழாய்க்கு இந்தத் தலையிடி ஒன்றும் இல்லை. அறையின் சுவரில் 65 மில்லிமீற்றர் துளை ஒன்று, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக, உள்ளே ஒரு துண்டு பிவிசிக் குழாய் செருகி. அவ்வளவுதான் மேசனிடம் கேட்கவேண்டியது. வெளியில் வந்த குழாய் சுவரோடு ஒட்டி, பிளாஸ்டிக் கேசிங்குக்குள் போகும். பழுது வந்தால் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். இதன் ஒரே குறை பார்வைக்கு. முன்வாசல் பக்கமாக ஓடினால் எனக்கும் பிடிக்காதுதான். துளையைச் சுற்றி வெண்புட்டி வைத்து அடைக்க மறக்கவேண்டாம்; எறும்பும் பல்லியும் உள்ளே போய் போர்டில் ஏறினால் மெஷினே போய்விடும்.

"கோட் என்ன சொல்லுது?" என்று மச்சான் கேட்டார், கட்டட விதியைத்தான் சொன்னார். வீட்டு ஏசிக் குழாயைப் பார்த்துக் கையெழுத்துப் போட எங்கள் பக்கம் ஒருவரும் வருவதில்லை. அதனால் நடைமுறையில் எங்கள் கோட், மெஷின் பெட்டிக்குள் பொலித்தீன் உறையில் கிடக்கிற பொருத்தும் கையேடுதான். அது ஒன்றும் கொம்பனிக்காரரின் கற்பனை இல்லை. வீட்டு ஏசிக்கான ஐ.ஈ.சி. 60335-2-40 என்ற சர்வதேசத் தரத்தை ஒட்டித்தான் அதை எழுதுகிறார்கள். ஆர் 32 என்ற காஸில் ஓடும் இன்றைய மெஷின்களின் கையேட்டில் இரண்டு வரி உண்டு, கட்டாயம் தேடிப் பாருங்கள். நட்டுப் போட்ட இணைப்புகள் பராமரிப்புக்குக் கை எட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்பது ஒன்று. வீட்டுக்குள் ஒரு பிளேயர் இணைப்பை, அதாவது குழாயின் வாயை விரித்து நட்டால் இறுக்கியதை, கழற்றி மறுபடி போடுவதென்றால் பழைய வாயை வெட்டிவிட்டுப் புதிதாக விரிக்கவேண்டும் என்பது மற்றது. என் வீட்டுச் சுவருக்குள் இருந்த நட்டு, முதல் வரியையே மீறியது.

அடுத்தது அவுட்டோர், அதாவது வெளியில் நிற்கும் மெஷின், எந்தப் பக்கம் என்ற கேள்வி. குழாயின் நீளத்தை முடிவு செய்வது இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று போகிறேன். தங்கச்சி வீட்டிலிருந்து கடல் 300 மீற்றர்கூட இல்லை. பெரிய அறை கிழக்கே பார்த்தது. அறைக்கு நேர் பின்னால், கிழக்குச் சுவரிலேயே அவுட்டோரைத் தூக்கி மாட்டினால் குழாய் மிகக் குறுகும், செலவும் குறையும். ஆனால் வாடைக்காற்று தொடங்கினால் மார்கழி முழுக்க உப்புத் தண்ணீர் அந்தச் சுவரில்தான் வந்து அடிக்கும். யன்னல் கம்பி கறள் கட்டும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு மெஷினின் அலுமினியத் தகடுகள் என்ன பாடு படும் என்று சொல்லத் தேவையில்லை.

மேற்குச் சுவர் என்றால் உப்புக் குறைவு. ஆனால் வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும்வரை கச்சான் என்கிற வறண்ட காற்று அந்தப் பக்கத்தால் நெருப்பாக வீசும். ஏசி அதிகம் ஓடுகிற மாதங்களும் அவைதான். மெஷினின் விசிறி வெளியே தள்ளுகிற சூட்டைக் கச்சான் திருப்பி உள்ளே தள்ளினால் கொம்பிரசர் மூச்சு முட்டிச் சாகும். பின்னேர வெயில் வேறு.

வடக்குச் சுவர் எப்போதும் நிழல் என்று பலர் நம்புகிறார்கள். வெளிநாட்டு வீடியோ பார்த்து வந்த நம்பிக்கை அது. திருகோணமலை கிட்டத்தட்ட எட்டரைப் பாகை அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் புதுவருடத்தோடு சூரியன் எங்கள் தலைக்கு மேலே வந்து, பிறகு ஓகஸ்ட் கடைசிவரை வடக்குப் பக்கமாகத்தான் ஓடும். ஆக, கச்சான் காலத்தில் நடுப்பகலில் வெயில் விழுவது வடக்குச் சுவரில், நிழல் கிடைப்பது தெற்குச் சுவரில். தெற்கில் வெயில் விழும் காலம் மாரி. அப்போது ஏசி தூங்கும். வாடைக்கும் அது மறைவு. படம் கீறுகிற தொழிலில் எனக்குக் கிடைத்த பிரயோசனமான அறிவுகளில் இதுவும் ஒன்று. கொங்கிறீற்றுக் கூரைக்கு மேலே வைப்பது பற்றி ஒரு வரி போதும்: சூடு, உப்பு, காற்று மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம், கழுவவும் ஏணி வேண்டும்.

ஆகவே தெற்குச் சுவர், குசினிக்கு அருகில். பெரிய அறையிலிருந்து குழாய் ஆறு மீற்றர் வரும். பல சிறு மெஷின்களில் ஐந்து மீற்றருக்கோ ஏழரை மீற்றருக்கோ போதுமான காஸ் முதலே அடைத்து வருகிறது. அதைத் தாண்டினால் ஆர் 32 மெஷினில் மீற்றருக்கு 20 கிராம் அளவில் சேர்க்கச் சொல்வார்கள். சரியான எண் கையேட்டில் இருக்கும், தராசு வைத்துத்தான் சேர்க்கவேண்டும். மறுபக்கமும் ஒரு எல்லை உண்டு. மூன்று மீற்றருக்குக் குறைவான குழாயைப் பல கொம்பனிகள் ஏற்பதில்லை, இரைச்சலும் அதிர்வும் அறைக்குள் வரும். குறுகக் குறுக நல்லது என்ற கணக்கு ஓரளவுக்குத்தான்.

செம்பா அலுமினியமா என்பதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. சில மலிவான கிட்டுகளில் அலுமினியக் குழாய் வருகிறது, பாரம் குறைவு, விலையும் குறைவு. உப்புக் காற்றில் அலுமினியமும் பித்தளை நட்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஈரத்தில் நின்றால் அலுமினியம்தான் அரிபடும். அது பொருள்களின் குணம், யாராலும் மாற்ற முடியாது. கடற்கரையில் செம்புதான். ஆனால் செம்பு என்றதும் நிம்மதியாக இருந்துவிடக்கூடாது, தடிப்பைக் கேளுங்கள். ஆர் 32ம் ஆர் 410ஏயும் பழைய ஆர் 22ஐவிட ஏறத்தாழ 1.6 மடங்கு அழுத்தத்தில் ஓடுபவை. அரை அங்குலம் வரையான குழாய்க்கு 0.8 மில்லிமீற்றர் சுவர்த் தடிப்பு என்பது பல கொம்பனிகள் கேட்கும் அளவு. கடையில் 0.5, 0.6 தடிப்பிலும் சுருள் கிடக்கிறது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. தூக்கிப் பார்த்தால் தெரியும், வளைக்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும்: மெல்லியது வளைவில் மடிந்து சப்பையாகும். ஆர் 22 ஓடிய பழைய குழாயிலேயே புது மெஷினை மாட்டித் தரட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். தடிப்புப் போதாமல் இருக்கலாம், உள்ளே ஒட்டிக்கிடக்கும் பழைய எண்ணெயும் புது எண்ணெயும் சேராது.

இணைப்புக்கு இரண்டு வழி: வாயை விரித்து நட்டுப் போடுவது, அல்லது நெருப்பு வைத்து வெள்ளி கலந்த கம்பியால் ஒட்டுவது. நல்ல கையால் ஒட்டியது நட்டைவிட உறுதி. ஆனால் ஒட்டும்போது குழாய்க்குள் நைதரசன் மெல்ல ஓடிக்கொண்டிருக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்ளே கறுப்பு ஒட்சைட்டுப் பொருக்கு படிந்து, பிறகு அது உதிர்ந்து போய் நுண்ணிய வழிகளை அடைக்கும். வீட்டுக்கு வருகிறவர்களில் நைதரசன் கொண்டுவருகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதனால் ஆறு மீற்றர் வீட்டு வேலைக்கு என் தெரிவு நடுவில் இணைப்பே இல்லாத ஒரே குழாய், இரு முனையில் மட்டும் நட்டு.

அந்த நட்டையும் எப்படிப் போடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், பார்க்கவே சுவாரசியமான வேலை. இரும்பு வாளால் அறுத்தால் உடனே நிறுத்தச் சொல்லலாம். அதற்கென்று உருளை வெட்டி இருக்கிறது. வெட்டிய வாயில் பிசிறு இருக்கும். குழாயைத் தலைகீழாகப் பிடித்துச் சுரண்டினால் பிசிறு கீழே விழும், நேராகப் பிடித்தால் குழாய்க்குள் போய்க் கொம்பிரசருக்கு இரையாகும். பிறகு விரித்தல். 1/4 அங்குலக் குழாயின் வாய் 9 மில்லிமீற்றர் அளவுக்கும் 3/8 அங்குலத்தின் வாய் 13 மில்லிமீற்றர் அளவுக்கும் விரியவேண்டும், கீறலோ வெடிப்போ இல்லாமல், கண்ணாடி போல. விரித்து முடித்து நிமிர்ந்த பிறகு நட்டை முதலில் கோக்க மறந்துவிட்டது தெரியவரும். எவ்வளவு அனுபவம் உள்ளவருக்கும் இது நடக்கும், சிரித்துவிட்டு வெட்டி மறுபடி செய்வார். வாயில் ஒரு துளி மெஷின் எண்ணெய், கையால் நாலு சுற்று, கடைசியில், இறுக்கும் விசையை அளக்கிற டோர்க் ஸ்பனர். 1/4 அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீற்றர், 3/8க்கு 33 முதல் 42 வரை என்பது வழமை. "கை பழக்கம் அண்ணா, எனக்குத் தெரியும்" என்பவர்கள் பெரும்பாலும் கூடத்தான் இறுக்குவார்கள். கூட இறுக்கினால் அன்றைக்கு ஒழுகாது. வாய் மெலிந்து, இரண்டு மாரி போனபின் வெடிக்கும். தண்ணீர்ப் பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை இங்கே சுற்ற வந்தால் அவர் பிளம்பர்.

உறை விசயத்தில் மிச்சம் பிடிக்கும் காசு மிகச் சிறியது, நட்டம் பெரியது. வீட்டு ஏசியில் காஸை விரியவைக்கும் பாகம் அவுட்டோருக்குள்ளேயே இருக்கிறது, அதனால் மெல்லிய குழாயும் குளிர்ந்துதான் வரும். தடித்ததற்கு மட்டும் உறை போட்டால் போதும் என்பது பிழை. இரண்டுக்கும் தனித்தனியாக வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதுவும் வேர்க்கும், குழாயோ 10 பாகை அளவில் கிடக்கும். வெள்ளை நுரை உறை, கறுப்பு றப்பர் உறை என்று இரண்டு வகை. வெயில் படாத இடத்தில் வெள்ளை தாக்குப்பிடிக்கும். வெளிச்சுவரில் நானென்றால் கறுப்புத்தான், 13 மில்லிமீற்றர் தடிப்பில். வெறுமனே வெயிலில் விட்டால் கறுப்பும் ஓரிரு வருடத்தில் பொடியாகும், கேசிங் வெறும் அழகுக்கு இல்லை. நட்டுப் போட்ட இடத்தை மட்டும் சோதனை முடியும்வரை மூடவிடாதீர்கள்.

கடைசியாக வெக்கியூம்: குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுப்பது. என் வீட்டுக்கு முதல் மெஷின் பொருத்த வந்தவர்கள் பம்பைக் கொண்டுவந்தார்கள், ஆனால் ஓட்டோவிலிருந்து இறக்கவில்லை. அவுட்டோரின் வால்வைச் சற்றுத் திறந்து, அதில் இருந்த காஸாலேயே மறுமுனையால் காற்றைச் "சூ" என்று ஒரு நிமிடம் வெளியே தள்ளினார்கள், முடிந்தது. காற்று ஓரளவு போயிருக்கும், ஈரம் போகாது. 30 பாகையில் தண்ணீர் கொதித்து ஆவியாக வேண்டுமென்றால் அழுத்தம் 32 மில்லிமீற்றர் பாதரசத்துக்குக் கீழே இறங்கவேண்டும். பம்ப் அதை அரை மில்லிமீற்றருக்கு இறக்கும், அதாவது 500 மைக்ரோன். ஈரம் மிஞ்சினால் இன்றைய மெஷின் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கொம்பிரசரின் சுருளை மெல்ல மெல்லத் தின்னும். ஆர் 32 என்றால் இன்னொன்றும் உண்டு: அது மெல்லத் தீப்பற்றக்கூடிய காஸ், மூடிய இடத்தில் வெளியே ஊதித்தள்ளுவது நல்ல பழக்கம் இல்லை. சின்ன மெஷினில் மொத்தக் காஸே ஒரு கிலோவுக்குக் குறைவு, அதில் ஒரு பங்கை ஊதிவிட்டால் முதல் நாளே குறையோடுதான் தொடங்கும்.

பம்புக்கு முன் ஒழுக்குப் பார்க்க முதலில் நைதரசன், ஆர் 32க்கு 4 மெகாபாஸ்கல் அளவில், ஏறக்குறைய 600 பி.எஸ்.ஐ. ஒட்சிசன் சிலிண்டரால் இதைச் செய்யவே கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். அழுத்தம் குறையாமல் நின்றால் நைதரசனை வெளியேற்றிவிட்டு பம்பைப் பூட்டி அரை மணித்தியாலம் ஓடவிட்டு, நிறுத்தி, முள் திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். அந்த அரை மணித்தியாலத்துக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுங்கள், அவசரப்படமாட்டார்கள். ஆளைப் பிடிக்கும்போதே "நைதரசன் இருக்கா, பம்பில் எத்தனை நிமிடம் விடுவீங்கள்?" என்று இரண்டு கேள்வி கேட்டேன். முதலில் கேட்டவர் "சின்ன வேலைதானே அண்ணா" என்றார். இரண்டாவது, என் வீட்டுச் சுவரை உடைத்த அதே தம்பி. என்விகியூ என்ற தேசியத் தொழிற்தகைமையில் நாலாம் மட்டம் முடித்தவர். அவரின் கூலி கூடத்தான், ஒரு தரம் காஸ் அடிக்கும் செலவைவிடச் சற்று அதிகம்.

போன சனிக்கிழமை வேலை முடிந்தது. 12000 பிடியூ, ஆர் 32, தெற்குச் சுவரில் அவுட்டோர், சுருளிலிருந்து வெட்டிய ஒரே குழாய். குசினி யன்னலுக்கு மேலால் போகும் வெள்ளைக் கேசிங்கைப் பார்த்து மச்சான் முகம் சுளித்தார். சுவருக்கு அடிக்கிற பெயின்டையே அதன்மேலும் அடிப்பதாக மேசன் ஒத்துக்கொண்டிருக்கிறார். தங்கச்சிக்கு வேறு கவலை: உலர்த்தும் கொடியை இனி எங்கே கட்டுவது?